கொழிஞ்சி: வறண்ட மண்ணின் சின்னப் பூ

மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டுக்கு அடுத்த மனையில், வீடு கட்டுவதற்காக யாரோ மணல் இறக்கினார்கள். என்ன காரணமோ, வேலை தொடங்கவில்லை. ஒரு மழைக்காலம் முழுவதும் மணல் அப்படியே கிடந்தது. மழை ஓய்ந்து மார்கழி பிறந்ததும் அதன் மேல் ஒரு சிறு செடி தலைகாட்டியது. முழங்கால் உயரம்கூட இல்லை. நீலம் கலந்த இளஞ்சிவப்பில் சின்னச் சின்னப் பூக்கள்.

ஆறாம் வகுப்பில் படிக்கும் என் பேரனுக்குப் பள்ளியில் ஐந்து செடிகளின் இலையைப் பெயருடன் நோட்டில் ஒட்டிவரச் சொல்லியிருந்தார்கள். அவன் இந்தச் செடியில் ஒரு கொத்தைப் பறித்து வந்து, "தாத்தா, இதுக்கு என்ன பேரு?" என்று கேட்டான். அவன் அம்மாவுக்குத் தெரியவில்லை. அவள் கொச்சியில் பிறந்து வளர்ந்தவள். எனக்கோ பார்த்த மாத்திரத்தில் ஊர் ஞாபகமே வந்துவிட்டது. திருநெல்வேலிச் சீமையில் பிறந்தவர்கள் யாருக்குத்தான் கொழிஞ்சியைத் தெரியாது!

"இதைத் தமிழில் எழுதட்டுமா, மலையாளத்தில் எழுதட்டுமா?" என்றான் பேரன். எப்படி எழுதினாலும் பெரிய வித்தியாசம் இல்லை என்றேன். நாம் கொழிஞ்சி என்பதை இங்குள்ளவர்கள் கொழிஞ்ஞில் என்கிறார்கள். அந்தப் பெயருக்கும் நம் கொச்சிக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் செடியைப் பார்ப்போம்.

அவரையின் சொந்தக்காரி

அவரை, துவரை, உளுந்து, கொள்ளு எல்லாம் எந்தக் குடும்பமோ அதே குடும்பம்தான் கொழிஞ்சியும். பூவைப் பிரித்துப் பார்த்தால் உறவு தெரிந்துவிடும். ஐந்து இதழ்கள். பின்னால் நிமிர்ந்து நிற்கும் பெரியது கொடியிதழ். இரு பக்கமும் சிறகு போல இரண்டு. நடுவில் இரண்டு இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டி, ஒரு குட்டித் தோணி போல மகரந்தத்தைப் பொத்தி வைத்திருக்கும். அது படகிதழ். அவரைப் பூவிலும் இதே அமைப்புதான்.

காய் தட்டையாக, இலேசாக வளைந்து, ஒன்றரை அங்குல நீளத்தில் இருக்கும். பார்வைக்குக் கொள்ளுக்காய் மாதிரி இருப்பதால் சில ஊர்களில் கொள்ளுக்காய் வேளை என்பார்கள். காவிளை என்றும் பெயர் உண்டு. தாவரவியலார் வைத்த பெயர் டெஃப்ரோசியா பர்ப்பூரியா. டெஃப்ரோஸ் என்ற கிரேக்கச் சொல்லுக்குச் சாம்பல் நிறம் என்று பொருள்.

இலையில் ஒரு வேடிக்கை உண்டு. பிள்ளைகளுக்குச் செய்து காட்டுங்கள். ஒரு சிற்றிலையின் நுனியைப் பிடித்து மெதுவாக இழுத்தால் அது குறுக்கே கிழியாது. அம்பின் பின்புறம் இறகு செருகிய இடம் போல, 'வி' வடிவத்தில் பிரியும். பக்க நரம்புகள் எல்லாம் சாய்வாக, ஒன்றுக்கொன்று இணையாக ஓடுவதுதான் காரணம். கிழிசல் நரம்பின் வழியே போய்விடுகிறது. வடமொழியில் இச்செடிக்குச் சரபுங்கா என்று பெயர். சரம் என்றால் அம்பு. புங்கம் என்றால் அம்பின் இறகுப் பகுதி. பெயர் வைத்தவர் இலையைக் கிழித்துப் பார்த்துத்தான் வைத்திருக்க வேண்டும்!

வேரிலே உரக்கடை

தூத்துக்குடிப் பக்கம் ஆண்டுக்கு ஏறக்குறைய 650 மில்லிமீட்டர் மழைதான். நம் கொச்சியில் அது சுமார் 3000. அந்த வறண்ட சீமையிலும், ராஜஸ்தானத்துத் தார் பாலைவன மணலிலும் கொழிஞ்சி தழைக்கிறது. ஆணிவேர் ஆழமாக இறங்கி ஈரத்தைத் தேடிக்கொள்ளும். விதையின் மேல் மெழுகு பூசினாற்போல் கெட்டியான தோல் இருப்பதால் தண்ணீர் எளிதில் உள்ளே போகாது. ஒரு மழைக்கு எல்லா விதையும் முளைத்து, அடுத்த வெயிலில் எல்லாம் கருகிப்போகிற ஆபத்து இதற்கு இல்லை. சில இந்த ஆண்டு முளைக்கும். மற்றவை மண்ணுக்குள் பொறுத்திருக்கும். ஆகவேதான் விதைக்கும் முன் மணலோடு சேர்த்துத் தேய்ப்பார்கள். கொதித்த நீரில் இரண்டு மூன்று நிமிடம் போட்டு எடுப்பதும் உண்டு.

இதன் பெரிய வித்தை வேரில் இருக்கிறது. காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். ஆனால் எந்தச் செடியும் அதை நேரே எடுத்து உண்ண முடியாது. கொழிஞ்சியின் வேரில் சிறு முடிச்சுகள் உண்டு. அதற்குள் ரைசோபியம் என்ற நுண்ணுயிர்கள் குடியிருந்து, காற்றின் நைட்ரஜனைச் செடிக்கு ஏற்ற உணவாக மாற்றித் தருகின்றன. வாடகையாகச் செடி அவற்றுக்குச் சர்க்கரை கொடுக்கிறது. உயிருள்ள முடிச்சை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். இந்த நுண்ணுயிரை 1888இல் முதலில் பிரித்தெடுத்தவர் பெய்ஜரிங்க் என்ற டச்சு விஞ்ஞானி.

நம் விவசாயிகள் அந்த ஆராய்ச்சிக்காகக் காத்திருக்கவில்லை. நெல் அறுத்த வயலில் கொழிஞ்சியை விதைத்து, அடுத்த போகத்துக்கு முன் பூக்கும் பருவத்தில் மடக்கி உழுதார்கள். அதுதான் பசுந்தாள் உரம். கோடைத் தரிசில் வேலி போடாமலே இது நிற்கும். மாடுகள் இதை மேய்வதில்லை. காரணம் இதிலுள்ள நஞ்சு. பசிபிக் கடலில் உள்ள ஹவாய்த் தீவுகளில் இதே செடிக்கு அவ்ஹுஹு என்று பெயர். அதை இடித்துக் கடலோரக் குட்டைகளில் கலக்கி, மயங்கி மிதக்கும் மீனைப் பிடிப்பார்களாம். ஆகவே, மருந்துச் செடிதானே என்று யாரும் வைத்தியரைக் கேட்காமல் வாயில் போட வேண்டாம்.

நான் செய்த தவறு

ரயில்வேயில் சேர்ந்த புதிதில், தெற்கே ஒரு மீட்டர்கேஜ் பாதையின் பராமரிப்பு என் பொறுப்பில் இருந்தது. செம்மண் கரை. இருபுறச் சரிவிலும் கொழிஞ்சி அடர்ந்திருந்தது. தண்டவாளத்துக்கு அடியிலுள்ள ஜல்லியில் செடி முளைத்தால் தண்ணீர் வடியாது. அதைக் களைந்தே ஆக வேண்டும். இதை டிப்ளமா வகுப்பில் நன்றாகப் படித்திருந்தேன். படித்த வேகத்தில், ஜல்லி மட்டுமல்ல, சரிவையும் சேர்த்துச் சுத்தம் செய்யச் சொன்னேன்.

எங்கள் கேங் மேஸ்திரி தயங்கினார். "ஐயா, கல்லுக்குள்ள கெடக்குறதை எடுத்துருவோம். சரிவுல உள்ளதை விட்டுருங்க. அதுதான் மண்ணைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது" என்றார். எழுதப் படிக்கத் தெரியாதவர். நான் கேட்கவில்லை. நான்கு நாளில் கரை சவரம் செய்த முகம் போலப் பளபளத்தது. எனக்கு ஒரே பெருமை.

ஐப்பசி மழை வந்தது. ஒரே இரவில் சரிவு முழுவதும் வாய்க்கால் வாய்க்காலாக அரித்து, ஜல்லியின் விளிம்பு சரிந்தது. அதிகாலையில் ரோந்து வந்த ஆள் பார்த்துச் சொன்னதால் விபத்து இல்லை. சில நாட்கள் வண்டிகள் அந்த இடத்தில் ஊர்ந்துதான் போயின. மூட்டை மூட்டையாக மணல் அடுக்கிக் கரையைக் காப்பாற்றினோம். மேஸ்திரி ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. அடுத்த மாதம் ஒரு துணிப் பையில் கொழிஞ்சி விதை கொண்டுவந்து, "தூவிருவோமாய்யா?" என்று மட்டும் கேட்டார். அதன் பிறகு நான் ஓய்வு பெறும்வரை, பெயர் தெரியாத எந்தச் செடியையும் உள்ளூர்க்காரர் ஒருவரைக் கேட்காமல் வெட்டச் சொன்னதில்லை.

கொச்சியில் எழுதிய பெயர்

உள்ளூர்க்காரரைக் கேட்கும் அந்தப் புத்தி, என்னைவிட முந்நூறு ஆண்டுகள் முன்பே ஒரு டச்சு அதிகாரிக்கு இருந்தது. டச்சுக்காரர்கள் கொச்சியைப் பிடித்தது 1663இல். அதன்பின் மலபார்ப் பகுதியின் தலைவராக வந்த வான் ரீட், இந்நாட்டுச் செடிகளை எல்லாம் பதிவுசெய்ய விரும்பினார். சேர்த்தலைப் பக்கத்துக் கரப்புறத்திலிருந்து இட்டி அச்சுதன் என்ற வைத்தியரும், ரங்க பட், விநாயக பண்டிதர், அப்பு பட் என்ற கொங்கணி அந்தணர் மூவரும் அவருக்குச் செடிகளின் பெயரும் குணமும் சொன்னார்கள். 1675இல் கொச்சியில் அவர்கள் எழுதிக் கொடுத்த சான்றுகளும் அந்த நூலில் உண்டு. மலையாளத்தில் சொன்னது போர்ச்சுகீசிலும் டச்சிலும் மாறி, கடைசியில் லத்தீனில், 'ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்' என்ற பெயரில் 12 பாகங்களாக 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் அச்சானது.

அதன் முதல் பாகத்திலேயே நம் கொழிஞ்சி படத்தோடு இருக்கிறது. பெயர் 'கொலினில்'. எத்தனை மொழி மாறியும் வைத்தியர் வாயில் வந்த பெயர் அழியவில்லை. பேராசிரியர் கே.எஸ். மணிலால் பல ஆண்டுகள் உழைத்து இந்நூலை ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் கொண்டுவந்தார். கேரளப் பல்கலைக்கழகம் அவற்றை 2003இலும் 2008இலும் வெளியிட்டது. வசதி உள்ள அன்பர்கள் நூலகத்தில் பார்க்கலாம்.

இந்தக் கதையைச் சொல்லி முடித்ததும் பேரன் இலையை ஒட்டி, கீழே கொழிஞ்சி என்று தமிழிலும், கொழிஞ்ஞில் என்று மலையாளத்திலும் எழுதினான். சென்ற மாதம் அடுத்த மனையில் அஸ்திவாரம் தோண்டிவிட்டார்கள். அதற்குள் நாங்கள் இருவரும் காய்களைப் பறித்து வைத்துவிட்டோம். இப்போது எங்கள் மாடியில் இரண்டு தொட்டிகளில் நாற்று விட்டிருக்கிறது.

வெளியூரில் குடியேறிய நாம் பிள்ளைகளுக்கு ஊர்ப் பெயரைச் சொல்கிறோம், குலதெய்வத்தைச் சொல்கிறோம். ஊர் மண்ணில் முளைக்கும் செடியின் பெயரைச் சொல்ல மறந்துவிடுகிறோம். ஒரு தலைமுறை சொல்லாவிட்டால் அடுத்த தலைமுறைக்கு அது வெறும் களைதான். இந்த விடுமுறையில் ஊருக்குப் போகிறவர்கள் வரப்பிலோ ரயில் பாதை ஓரத்திலோ இந்தப் பூவைக் கண்டால், பிள்ளைகளை நிறுத்தி ஓர் இலையைக் கிழித்துக் காட்டுங்கள். பெயரையும் சொல்லுங்கள். விதை வேண்டுவோர் எங்கள் வீட்டுக்கு வரலாம். ஒரு டப்பா நிறைய இருக்கிறது.