நிழல் முற்றத்துச் செயற்கைப் புல்: புதிது வாங்குமுன் கீழே பாருங்கள்

பெருநாள் நெருங்கும் நாட்களில் எங்களைப் போன்ற கார்ப்பட் வியாபாரிகளுக்கு ஓய்வு கிடைக்காது. அப்படியான ஒரு நாளில் தெமட்டகொடைப் பக்கமிருந்து ஒரு தம்பி கடைக்கு வந்தார். "நானா, முற்றத்துப் புல் கார்ப்பட் மூன்று வருசத்திலேயே பழுதாப் போச்சு. வழுக்குது, நாறுது. உம்மாவும் ஒருக்கா விழப் பார்த்தாங்க. 200 சதுர அடி புதுசா வெட்டித் தாங்க" என்றார்.

கைக்கு வந்த வியாபாரம்தான். ஆனாலும் நான் உடனே ரோலை விரிக்கவில்லை. சில வருடங்களுக்கு முன்னர் இதேபோல ஒருவருக்கு எதுவும் கேளாமல் புதுப் புல் விற்றேன். ஒரு மழைக்காலம் முடிந்ததும் அவர் அதே முறைப்பாட்டுடன் திரும்பி வந்தார். பிழை புல்லில் இருக்கவில்லை, நிலத்தில் இருந்தது. கேட்க வேண்டிய கேள்வியை நான் கேட்கவில்லை.

செயற்கைப் புல் பெயர் பெற்றதே நிழலால்தான். அமெரிக்காவின் ஹியூஸ்டன் நகரில் 1965இல் கூரையிட்ட பெரிய விளையாட்டரங்கு ஒன்று திறக்கப்பட்டது. கூரையின் ஒளி புகும் பிளாஸ்டிக் தகடுகளால் வீரர்களுக்குக் கண் கூசியது. தகடுகளுக்கு வர்ணம் பூசினார்கள். வெயில் குறைந்ததும் உள்ளேயிருந்த இயற்கைப் புல் செத்துப்போனது. 1966இல் அங்கு செயற்கைப் புல் விரிக்கப்பட்டது. கொழும்பிலும் இதே கதைதான். பக்கத்து வீட்டு மாடியும் மதிலும் மாமரமும் வெயிலை மறைக்கும் சின்ன முற்றத்தில் புல் வளராது என்பதால்தான் இதை வாங்குகிறோம்.

நிழலில் இதற்கு ஒரு நன்மையும் ஒரு தீமையும் உண்டு. வெயில் படாததால் பொலிஎதிலீன் இழைகள் சீக்கிரம் வெளிறுவதில்லை. ஆனால் ஈரம் காய்வதில்லை. விழுந்த இலைகள் உக்கி, தூசியுடன் சேர்ந்து மண்ணாகும். அதில் பாசி பிடிக்கும். அடிப்பக்கப் பசையும் எந்நேரமும் ஈரத்தில் கிடந்தால் இளகும். ஆகவே நிழல் முற்றத்துப் புல் பெரும்பாலும் தேய்ந்து பழுதாவதில்லை, நனைந்தே பழுதாகிறது.

எனவே முதலில் ஒரு மூலையைக் கிளப்பிப் பாருங்கள். மழை விட்டு ஒரு நாளான பின்னும் கீழே தண்ணீர் நின்றால், எத்தனை முறை புதுப் புல் போட்டாலும் பயனில்லை. சீமெந்துத் தரை 10 அடிக்கு ஒன்றரை அங்குலமாவது காணை நோக்கிச் சரிந்திருக்க வேண்டும். பள்ளம் இருந்தால் மேசன் பாஸைக் கொண்டு நிரப்புங்கள். காண் வாயை அடைத்திருக்கும் இலைகளை அள்ளுங்கள். புல்லின் அடியிலுள்ள துளைகள் மண்ணால் அடைபட்டிருந்தால் ஆணியால் குத்தித் திறந்துவிடுங்கள்.

அடுத்தது பாசி. காய்ந்த நாளொன்றில், இழை சாய்ந்திருக்கும் திசைக்கு எதிராக நைலோன் தூரிகையால் தேய்த்துக் கூட்டுங்கள். கம்பித் தூரிகை வேண்டாம், இழைகள் கிழியும். பிறகு வினாகிரியும் தண்ணீரும் சம அளவாகக் கலந்து தெளித்து, அரை மணித்தியாலம் விட்டுக் கழுவுங்கள். புளீச்சிங் பவுடரையும் வினாகிரியையும் ஒருபோதும் ஒன்றாகச் சேர்க்க வேண்டாம். அதிலிருந்து வரும் குளோரின் வாயு ஆபத்தானது. கிழமைக்கு ஒரு தடவை இலை கூட்டுவதும், பூச்சட்டிகளை இடம் மாற்றி வைப்பதும், மரக்கிளையைக் கொஞ்சம் தறிப்பதும் பாதி வேலையைக் குறைக்கும்.

இனி, ஒட்டுவேலை. பொருத்து விட்டிருந்தால் இரு ஓரங்களையும் மடித்து, நன்றாகக் காயவிட்டு, பழைய பசையைச் சுரண்டுங்கள். கீழே ஓர் அடி அகலமான இணைப்பு நாடாவை விரித்து, இதற்கென விற்கும் பசையைப் பூசி, ஓரங்களை நெருக்கமாகச் சேருங்கள். ஒன்றன்மேல் ஒன்று ஏறக் கூடாது. மேலே மண் மூட்டைகளை ஒரு நாள் வையுங்கள். ஈரத்தில் ஒட்டிய பசை நிற்காது. எனவே இரண்டு மூன்று நாள் மழையில்லாத நேரம் பாருங்கள்.

நுளம்புச் சுருள் விழுந்து உருகிய இடத்தைப் பின்பக்கத்திலிருந்து சதுரமாக வெட்டியெடுத்து, அதே அளவுத் துண்டை அதே முறையில் ஒட்டலாம். இழை சாயும் திசை ஒன்றாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நிறம் வேறாகத் தெரியும். மிச்சத் துண்டுகளை எறியாதீர்கள். நிழலில் புல் அதிகம் வெளிறாததால் பழைய துண்டும் நன்றாகப் பொருந்தும்.

எப்போது மாற்றத்தான் வேண்டும்? கையால் இழுத்தால் பல இடங்களில் இழைகள் கொத்தாகக் கழன்று, அடிப்பக்கம் தூளாக உதிர்ந்தால் மாற்றுங்கள். அதற்கு முன்னர் வேண்டாம். இது இறக்குமதிப் பொருள். 2022இல் டொலர் 200 ரூபா அளவிலிருந்து 360 ரூபாவைத் தாண்டியபோது விலை எங்கே போனது என்பதை வாங்கியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

அந்தத் தம்பி வீட்டுக்குப் போய்ப் பார்த்தார். மாவிலைகள் காணை அடைத்திருந்தன. அதைத் துப்புரவாக்கி, ஒரு பள்ளத்தையும் நிரப்பி, பாசியைக் கழுவினார். என்னிடம் வாங்கியது இணைப்பு நாடாவும் ஒரு டின் பசையும் மாத்திரமே. அன்று 200 சதுர அடி விற்கவில்லைதான். ஆனால் அதன் பிறகு அவருடைய மச்சானும் பக்கத்து வீட்டாரும் என் கடையைத் தேடி வந்தார்கள். சக வியாபாரிகளுக்கும் இதையே சொல்வேன்: ரோலை விரிக்குமுன் "தண்ணீர் எங்கே போகிறது?" என்று கேளுங்கள். வாங்குபவர்களும், கடைக்காரர் கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள்.