ஆக்குவோரும் பயன்கொள்வோரும்

ஒரு கருவியை ஆக்குவோர் அதன் உள்ளமைப்பை நன்கு அறிவர். அதனைப் பயன்கொள்வோரோ தாம் முடிக்கவேண்டிய பணியை மட்டுமே அறிவர். இவ்விரண்டிற்கும் இடையே உள்ள தொலைவே பல இடர்ப்பாடுகளுக்குக் காரணமாகும். கணிப்பொறிக்கு மென்பொருள் இயற்றுவோர் இவ்வுண்மையை உணர்ந்த வரலாறு அறியத்தக்கதாகும்.

அமெரிக்க நாட்டில், கலிபோர்னியா மாநிலத்துப் பாலோ ஆல்டோ நகரில், ஜெராக்ஸ் நிறுவனம் 1970ஆம் ஆண்டு ஓர் ஆராய்ச்சி நிலையத்தை அமைத்தது. கட்டுரைகளை எழுதித் திருத்துதற்குரிய பிராவோ என்னும் மென்பொருள் 1974ஆம் ஆண்டில் அங்கு உருவாயிற்று. அஃது ஆற்றல் மிக்கதே. எனினும், இரு நிலைகளில் இயங்கியது. எழுதும் நிலையில் விசையை அழுத்தினால் எழுத்துத் தோன்றும். கட்டளை நிலையிலோ அவ்விசையே கட்டளையாகிவிடும். கட்டளை நிலையில் இருப்பதை மறந்து, 'எடிட்' என்னும் நான்கெழுத்து ஆங்கிலச் சொல்லை ஒருவர் தட்டினால் நேர்வது யாது? முதலெழுத்து, கட்டுரை முழுவதையும் தெரிவு செய்யும். இரண்டாம் எழுத்து அதனை நீக்கும். மூன்றாம் எழுத்துப் புதிதாக எழுத வழிவிடும். நான்காம் எழுத்து மட்டுமே திரையில் எஞ்சும். பலநாள் உழைப்பு நொடிப்பொழுதில் பாழாகும்!

பிழை யாருடையது? மறந்தவருடையது என்று கூறி அமைதல் எளிது. அந்நிலையத்தில் பணியாற்றிய லாரி டெஸ்லர் அவ்வாறு கருதினாரல்லர். மறதி மாந்தர்க்கு இயல்பு. அவ்வியல்பிற்கு ஏற்பக் கருவியை அமைத்தலே ஆக்குவோர் கடன் என்று அவர் கொண்டார். புதிதாகப் பணிக்கு வந்த ஒருவரை வெறுந்திரையின் முன் அமர்த்தி, திருத்தக் குறிகள் இட்ட தாளொன்றைக் காட்டி, அத்திருத்தங்களைத் திரையில் எவ்வாறு செய்ய விரும்புவார் என வினவினார். பழக்கமற்றவரின் விடையே அவருக்கு வழிகாட்டிற்று.

பின்னர் டெஸ்லர், டிம் மாட் என்பவருடன் சேர்ந்து, ஜின் என்னும் பாடநூற் பதிப்பகத்தார்க்காக ஜிப்சி என்னும் மென்பொருளை இயற்றினார். அதில் இரு நிலைகள் இல்லை. வேண்டிய இடத்தைச் சுட்டி உடனே எழுதலாம். பதிப்பாசிரியர்கள் தாளைக் கத்தரித்து வேறிடத்தில் பசையிட்டு ஒட்டும் வழக்கமுடையவர்கள். அவ்வழக்கமே திரையிலும் 'வெட்டுதல், ஒட்டுதல்' என அமைந்தது. இன்று கைப்பேசியிலும் நாம் அதனைக் கையாளுகின்றோம்.

எச்செயலிலும் குறைக்கவியலாத சிக்கல் ஓரளவு உண்டு. அதனைச் சுமப்பவர் யார் என்பதே வினா என்பது டெஸ்லரின் கொள்கை. பத்து இலட்சம் பேர் நாள்தோறும் ஒரு நிமிடம் இடர்ப்படின், ஒரு நாளிலேயே 16,000 மணி நேரத்திற்கு மேல் வீணாகும். ஆக்குவோர் ஒருவர் ஒரு வாரம் மிகுதியாக உழைத்து அவ்விடரை நீக்கலாமாயின், அவ்வுழைப்பை மேற்கொள்ளுதலன்றோ முறை!

டெஸ்லர் 2020ஆம் ஆண்டு மறைந்தார். பயன்கொள்வோர் இடர்ப்படும்போது அவரை அறியாதவர் என இகழாது, தம் படைப்பை மீண்டும் ஆராய்பவரே சிறந்த ஆக்குநர் ஆவர். இவ்வறிவு மென்பொருளுக்கு மட்டுமன்றி, பிறர்க்கென நாம் செய்யும் எப்பொருளுக்கும் பொருந்துவதாகும்.