சக்கரத் தடம் – 12: வெளிவளைவில் நிற்காதே

சென்ற வாரம் நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளைப் பார்த்தோம். இந்த வாரம் அதே மாவட்டத்தில் மலை ஏறுகிறோம். காரவள்ளியில் தொடங்கும் கொல்லிமலைச் சாலையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். மேலே போனால் ஊராட்சிக்கு ஊராட்சி ஒரு நாடு: வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, குண்டனி நாடு. மலையின் மிளகும் பலாவும் அன்னாசியும் கீழே இறங்குவதும், பிள்ளைத்தாய்ச்சியை ஏற்றிய ஆம்புலன்ஸ் இறங்குவதும் இந்த வளைவுகளில்தான். விடுமுறை நாளில் இதே வளைவுகளில் கேமராவோடு இளைஞர்கள் நிற்கிறார்கள். நண்பனின் கார் டயர் கிறீச்சிட்டுத் திரும்புவதைப் படம் பிடிக்கிறார்கள்.

அவர்களைத் திட்டி எழுதுவது எளிது. எனக்கு அதில் விருப்பமில்லை. ஓடும் காரைப் படம் பிடித்துப் பிழைக்க வேண்டும் என்கிற ஆசை நல்ல ஆசை. அதைத் தொழிலாகவே செய்கிறவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். இந்த இளைஞர்கள் நிற்கும் இடம்தான் தவறு.

இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்வேன். ஒன்று, பிரெஞ்சு இயக்குநர் குளோத் லெலூஷ் 1976-ல் எடுத்தது. விடியற்காலைப் பாரிஸ் தெருக்களில் காரின் முன்னால் கேமராவைக் கட்டிக்கொண்டு, சிவப்பு விளக்குகளைத் தாண்டி எட்டு நிமிடம் பறக்கிறார். ஓடியது மெர்சிடிஸ்; நாம் கேட்கும் உறுமல் பின்னால் சேர்த்த ஃபெராரியுடையது. தெரு மூடப்படவில்லை. நடந்து போனவர்களுக்கு எதுவும் தெரியாது. உலகம் கொண்டாடும் அந்தப் படத்தை என்னால் கொண்டாட முடியவில்லை.

மற்றது, ஜான் லூயி மூரே இயக்கிய ஐந்து நிமிடப் படம். 1988-ல் அமெரிக்காவின் பைக்ஸ் பீக் மலையில் பின்லாந்துக்காரர் ஆரி வத்தானென் பெஜோ 405 காரில் ஏறுகிறார். 156 வளைவுகள், அன்றைக்கு மண் சாலை, ஓரத்தில் தடுப்புச் சுவர் கிடையாது. ஒரு திருப்பத்தில் வெயில் கண்ணைக் கூச, ஒரு கையால் நெற்றியில் நிழல் பிடித்து மறு கையால் ஓட்டுகிறார். பார்க்கிற நமக்கு வயிறு கலங்கும். ஆனால் அந்தச் சாலை போட்டிக்காக மூடப்பட்ட சாலை. எதிரே பால் வண்டி வராது. அந்தத் துணிச்சலுக்கு அடியில் இருந்தது அந்த ஏற்பாடு.

நம் ஊரிலும் அந்த ஏற்பாடு உண்டு. இந்தியாவில் மோட்டார் பந்தயங்களை நெறிப்படுத்தும் கூட்டமைப்பு 1971 முதல் இயங்குகிறது. கோயம்புத்தூருக்கு ராலி புதிதல்ல. ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயனின் தந்தை ஜி.ஆர். கார்த்திகேயன், தென்னிந்திய ராலியில் பலமுறை வென்றவர். தேசிய ராலிப் போட்டியின் கோவைச் சுற்று கேத்தனூர்ப் பக்கம் காற்றாலைகளுக்கு நடுவே மண் பாதைகளில் நடந்திருக்கிறது. ராலியில் கார்கள் கூட்டமாக ஓடுவதில்லை. மூடிய பாதையில் இடைவெளி விட்டு ஒவ்வொன்றாகக் கிளம்பும். பக்கத்தில் உட்கார்ந்த துணை ஓட்டுநர், முன்பே பார்த்துக் குறித்துவைத்த குறிப்பிலிருந்து அடுத்த வளைவை வாசித்துக்கொண்டே வருவார்.

படம் எடுப்பவருக்கு ஒரு கார் கொடுப்பது சில நொடிகள்தான். பாதை மூடும் முன்பே நடந்து உள்ளே போய்விட வேண்டும். கடைசிக் கார் போய், பின்னால் வரும் அதிகாரிகளின் வண்டியும் போகும்வரை வெளியே வர முடியாது. தண்ணீர், பேட்டரி, தொப்பி எல்லாம் தோளில். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். தூசி வந்து விழும் பக்கம் நின்றால் அடுத்த காரைப் பார்க்கவே முடியாது. அதைவிட முக்கியம், வளைவின் வெளிப்பக்கம் நிற்கக் கூடாது. பிடி விட்ட கார் அங்கேதான் வந்து சேரும். நேர்ச்சாலை முடிகிற இடமும் ஆகாது, பிரேக் பிடிக்காத கார் திரும்பாமல் நேரே வரும். உள்பக்கம், பாதையிலிருந்து நன்றாகத் தள்ளி, மேட்டில், ஓட வழி வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். 1986 மார்ச்சில் போர்ச்சுகல் ராலியில் பாதையை நெருக்கி நின்ற கூட்டத்துக்குள் ஒரு கார் பாய்ந்து மூன்று பேர் இறந்தார்கள். மே மாதம் கோர்சிகா ராலியில் டோய்வோனென், கிரெஸ்டோ என்ற இரண்டு வீரர்கள் காரோடு எரிந்து போனார்கள். இந்த விபத்துகளில் சிக்கிய குரூப் பி என்ற அதிவேகக் கார்கள் அந்த ஆண்டோடு உலகப் போட்டியிலிருந்து விலக்கப்பட்டன.

வருமானம்? ராலியை மட்டும் நம்பி இங்கே அடுப்பு எரியாது. போட்டிகள் ஆண்டுக்குச் சில வார இறுதிகள்தான். அணிகளுக்கு வேண்டியது தங்கள் விளம்பரதாரரிடம் காட்ட அன்றிரவே ஒரு நிமிடப் படம். எனவே வேகமாக வெட்டி ஒட்டத் தெரிந்தவருக்கே மறுபடி அழைப்பு வரும். மற்ற நாட்களில் கார் நிறுவன விளம்பரம், பழைய கார் அணிவகுப்பு, கல்யாண வீடு. கல்யாண வீடியோவைக் கேவலமாக நினைக்க வேண்டாம். தாலி கட்டும் நொடியைத் தவறவிடாத கைதான் இங்கேயும் வேண்டும். 2024 ஆகஸ்ட் இறுதியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றித் தெருவை மூடி இரவுப் பந்தயம் நடந்தது. இப்படி ஒவ்வொன்று கூடும்போதும் கேமராக்காரருக்கும் வேலை கூடுகிறது.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். அரசின் அனுமதியில்லாமல் பொதுச்சாலையில் பந்தயம் ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆம் பிரிவுப்படி முதல் முறையே மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தொழிலுக்கு ட்ரோன் பறக்கவிடுகிறவர், அது 250 கிராமுக்கு மேல் இருந்தால், 2021 ட்ரோன் விதிகளின்படி ட்ரோன் ஓட்டுவதற்கான சான்றிதழ் வைத்திருக்க வேண்டும்.

கொல்லிமலை வளைவில் நிற்கும் தம்பிகளே, இந்தச் சாலையைக் குண்டனி நாட்டுக்காரர்களுக்கு விட்டுவிடுங்கள். ராலி நடத்தும் மன்றத்துக்கு எழுதிக் கேளுங்கள். பாதைக் காவலுக்கு அவர்களுக்கு எப்போதும் ஆள் தேவை. முதல் பந்தயத்துக்குக் கேமரா இல்லாமல் போய், கொடி பிடித்து நில்லுங்கள். எங்கே நிற்க வேண்டும் என்பதை அங்கே ஒரே நாளில் கற்றுக்கொள்ளலாம்.

(தொடரும்)