தீவுச் சித்திரங்கள் – 7: குணமாக்க வந்த பறவை

ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி மாநக்கவாரம் என்று குறிப்பிடும் நிக்கோபாரின் நடுத் தீவுகளில், ஒருவர் நோயில் விழுந்தால் ஓவியம் எழுதுவார்கள். மென்லுவானா வந்து பார்ப்பார். ஆவிகளைக் காணவும் அவற்றோடு பேசவும் வல்லவர் என்று ஊர் நம்பிய வைத்தியர் அவர். எந்த ஆவி பிடித்திருக்கிறது, எந்த உருவம் அதை விரட்டும் என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். அதன்படி கமுகம்பாளையிலோ மரப்பலகையிலோ ஓவியம் எழுதி வீட்டுக்குள் வைப்பார்கள். அதுதான் ஹென்டா.

ஒரே பாளையில் அந்தத் தீவின் உலகம் முழுவதும் வந்துவிடும். சூரியன், சந்திரன், தென்னை, குடிசை, ஓடம், பன்றி, மீன், கடற்கன்னி, மனிதர்கள். நடுநாயகமாக ஒரு தெய்வ உருவம். சில ஹென்டாக்களில் அது ஐரோப்பிய உடை தரித்திருக்கும். அங்குள்ள நன்கௌரித் துறைமுகத்தில் நங்கூரமிட்ட கப்பல்களை நூற்றாண்டுகளாகப் பார்த்த கண்கள் அல்லவா! இவற்றோடு பறவைகளும் இருக்கும். நல்ல ஆவிகள் பார்த்து மகிழ வேண்டும், கெட்டவை அஞ்சி ஓட வேண்டும். அதற்காகவே இத்தனை உருவங்கள். ஓவியம் மட்டுமல்ல, மரத்தில் செதுக்கிய உருவங்களும் இதே வேலைக்காக வீடுகளில் இருந்தன. நோயாளி பிழைத்தால் அந்த உருவத்துக்கு மதிப்பு, அதைப் பாதுகாப்பார்கள். இறந்துபோனால் தூக்கி எறிவார்கள். கலைக்கு இதைவிடக் கடுமையான விமர்சகர் உண்டா என்று எனக்குத் தெரியவில்லை.

பறக்கும் உருவத்தைக் கண்டதும் விடுதலை, ஆன்மா, கனவு என்று பொருள் சொல்லிப் பழகியவர்கள் நாம். பெல்ஜிய ஓவியர் ரெனே மக்ரித் 1940இல் தீட்டிய 'திரும்புதல்' ஓவியத்தில், இருண்ட நிலத்தின் மேல் ஒரு பறவை பறக்கிறது. அதன் உடல் முழுக்கப் பகல் வானமும் வெண்மேகமும். கீழே கூட்டில் முட்டைகள். எத்தனை முறை பார்த்தாலும் மனம் நிறைகிற படம் அது. ஆனால் அந்தக் கனவு ஒரு தனிமனிதருடையது. நாமாகப் பொருள் தேடிக்கொள்ளலாம், தேடாமலும் விடலாம். ஹென்டாவின் பறவை ஊரே சேர்ந்து நம்பியது. பக்கத்தில் ஒருவர் காய்ச்சலில் கிடக்கும்போது எழுதியது.

நிக்கோபாருக்கு வடக்கே அந்தமானுக்குப் போனால் பறவையின் கனம் இன்னும் கூடுகிறது. மொழியாலும் வாழ்முறையாலும் அந்தமான் பழங்குடிகள் நிக்கோபாரிகளிடமிருந்து முற்றிலும் வேறானவர்கள். 1906 முதல் 1908 வரை அங்கே ஆய்வு செய்த மானுடவியலாளர் ராட்கிளிஃப்-பிரவுன், கனவில் ஆவிகளோடு பழகி ஆற்றல் பெற்றவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். முன்னோர் பறவைகளாக மாறினார்கள் என்பதும், மீன்கொத்திதான் நெருப்பைக் கொண்டுவந்தது என்பதும் அவர் பதிவு செய்த கதைகளில் உண்டு. பின்னாளில் மொழியியலாளர் அன்விதா அப்பி கேட்டெழுதிய கிரேட் அந்தமானியக் கதையில், மீத்தே என்ற சிறுவனைப் பெரிய மீன் விழுங்குகிறது. தேடிப்போன உறவினர்கள் முடிவில் பறவைகளாகிப் பறக்கிறார்கள். கிரேட் அந்தமானிய மொழிகளில் ஒன்றான போ மொழியின் கடைசிப் பேச்சாளரான போவா சீனியர் 2010 ஜனவரியில் காலமானார். பேச்சுத்துணைக்குத் தன் மொழியறிந்த மனிதர் எவருமில்லாத அவர் பறவைகளோடு பேசுவார் என்று அப்பி சொல்லியிருக்கிறார். உறவுக்காரர்களோடு பேசியதாகத்தான் நான் அதை எடுத்துக்கொள்கிறேன்.

ஹென்டாக்களுக்கு என்ன ஆயிற்று? 1869 முதல் 1888 வரை நிக்கோபாரின் காமோர்ட்டா தீவில் ஆங்கிலேயர் நடத்திய கைதிகள் குடியிருப்பில் பொறுப்பு வகித்த எட்வர்ட் ஹொரேஸ் மேன், நிக்கோபாரிகளின் பொருள்களை விரிவாகச் சேகரித்தார். அவற்றில் பல இன்று பிரிட்டிஷ் மியூசியத்திலும் ஆக்ஸ்ஃபோர்டின் பிட் ரிவர்ஸ் அருங்காட்சியகத்திலும் இருக்கின்றன. 1890களில் கார் நிக்கோபாரில் தமிழரான வேதப்பன் சாலமன் பள்ளியும் தேவாலயப் பணியும் தொடங்கினார். அவரிடம் படித்த ஜான் ரிச்சர்ட்சன் பின்னாளில் அத்தீவுகளின் முதல் பிஷப் ஆனார். கிறிஸ்தவம் பரவியபோது மென்லுவானாவின் வேலை சுருங்கியது. படிப்பைக் கொடுத்ததில் நம்மவர் பங்கு பெரிது. பழைய உருவங்கள் வீட்டைவிட்டுப் போனதிலும் அந்த மாற்றத்துக்குப் பங்கு உண்டு. இரண்டையும் சேர்த்தேதான் சொல்ல வேண்டும். மிஞ்சியவற்றில் எவ்வளவோ 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் வீடுகளோடு போயிற்று.

கண்ணாடிப் பெட்டிக்குள் ஹென்டாவை மாட்டும் அருங்காட்சியகங்கள், அது ஒரு நோயாளிக்காக எழுதப்பட்டது என்பதைத்தான் முதல் வரியாக எழுத வேண்டும். கடற்கன்னியும் பறவையும் அழகு என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

(அடுத்த வாரம்: ஆவிகளை ஏற்றிக் கடலில் விட்ட ஓடங்கள்)