மனை யார் கையில்?

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், ராக்ஸ்பரி பகுதியின் டட்லி தெருவைச் சுற்றி 1980களின் தொடக்கத்தில் சுமார் 1,300 மனைகள் காலியாகக் கிடந்தன. ஒருகாலத்தில் அங்கெல்லாம் வீடுகள் இருந்தன. வெள்ளையர்கள் புறநகருக்குக் குடிபெயர்ந்தார்கள், வங்கிகள் கடன் தர மறுத்தன. விலைபோகாத வீட்டை வைத்திருப்பதைவிட எரித்துவிட்டு இன்சூரன்ஸ் பணம் வாங்குவது லாபம் என்று கணக்குப் போட்ட உரிமையாளர்கள் சிலர் தீ வைத்தார்கள். எரிந்த மனைகளில் வெளியார் லாரிகள் குப்பையைக் கொட்டின. பழைய ஃபிரிட்ஜ், உருக்குலைந்த கார், அழுகிய இறைச்சி. கறுப்பினத்தவர், லத்தீன் அமெரிக்கர், கேப் வெர்டே தீவுகளிலிருந்து வந்தவர்கள், எஞ்சிய வெள்ளையர் என நான்கு சமூகத்தார் அந்த நாற்றத்துக்கு நடுவே பிள்ளைகளை வளர்த்தார்கள். இத்தகைய இடத்தில் குற்றம் பெருகினால் ‘அந்த ஜனங்களே அப்படித்தான்’ என்று சொல்லிவிடுவார்கள். அது அநியாயம். வறுமையும் குற்றமும் ஒரு தெருவில் வேர்விடுவதற்குப் பெரிய காரணம், அங்கே வாழ்கிறவர்களுக்கு அந்த மண்ணின் மேல் அதிகாரம் இல்லாததுதான்.

டட்லி மக்கள் இதைச் சீக்கிரமே புரிந்துகொண்டார்கள். 1984இல் ஓர் அறக்கட்டளையும் தொண்டு நிறுவனங்களும் நல்லெண்ணத்தோடு சீரமைப்புத் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தன. நிர்வாகக் குழுவில் குடியிருப்போருக்குச் சில இடங்கள் மட்டுமே. கூட்டத்துக்கு வந்தவர்கள் எழுந்து, மேடையில் இருப்பவர்களில் எத்தனை பேர் இந்தத் தெருக்களில் வசிக்கிறீர்கள் என்று கேட்டார்கள். குழு மாற்றியமைக்கப்பட்டது. பெரும்பான்மை குடியிருப்போருக்கு, நான்கு சமூகத்தாருக்கும் சம எண்ணிக்கையில் இடம். முதலில் குப்பைக்கு எதிராகப் போராடிச் சட்டவிரோதக் கிடங்குகளை மூடவைத்தார்கள். பிறகு, 1988இல், அமெரிக்காவில் எந்தக் குடியிருப்போர் அமைப்புக்கும் அதுவரை கிடைக்காத ஒன்றைப் பெற்றார்கள். காலி மனைகளைக் கட்டாயமாக ஆர்ஜிதம் செய்யும் அதிகாரம் அது. நெடுஞ்சாலைகளுக்காகக் கறுப்பினக் குடியிருப்புகளை இடித்துத் தள்ள அமெரிக்க நகரங்கள் பயன்படுத்திய அதே அதிகாரம். இப்போது நிலம் சமூக அறக்கட்டளையிடம் இருக்கிறது. வீடு குடும்பத்துக்குச் சொந்தம். நிலத்துக்கு 99 ஆண்டுக் குத்தகை. வீட்டை விற்கலாம், ஆனால் விலைக்கு உச்சவரம்பு உண்டு.

துப்பாக்கியோடு திரிகிறவனைத் தடுக்கப் போலீஸ்தானே வேண்டும், மனையைச் சுத்தம் செய்து என்ன பயன் என்று கேட்கலாம். போலீஸ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஃபிலடெல்ஃபியாவில் 541 காலி மனைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து நடத்தி, 2018இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. ஒரு பகுதி மனைகளில் குப்பையை அள்ளி, தரையைச் சமப்படுத்தி, புல்லும் சில மரங்களும் நட்டு, யாரும் உள்ளே வரும்படி திறப்பு விட்டுத் தாழ்வான மரவேலி அமைத்தார்கள். ஒரு பகுதியை அப்படியே விட்டார்கள். வறுமைக் கோட்டுக்குக் கீழிருந்த பகுதிகளில், சீரமைத்த மனைகளைச் சுற்றித் துப்பாக்கி வன்முறை 29 சதவீதம் குறைந்தது. ஆள் உயரப் புதர் இல்லாவிட்டால் துப்பாக்கியை ஒளித்துவைக்க இடமில்லை. தாழ்வான வேலியோ, இந்த இடத்தைக் கவனிக்க ஆள் உண்டு என்று காட்டிவிடுகிறது.

இன்னும் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. அமெரிக்காவில் வெள்ளையர் குடும்பங்கள் சொத்துச் சேர்த்ததே வீட்டு மதிப்பு ஏறியதால்தான். கறுப்பினக் குடும்பத்துக்கு மட்டும் விலை உச்சவரம்பா? நியாயமான கேள்வி, இதற்கு முழுமையான பதிலும் இல்லை. ஆனால் வரம்பில்லாத சந்தை அவர்களுக்குக் கொடுத்தது என்ன? 2008 வீட்டுக்கடன் நெருக்கடியில் கறுப்பின, லத்தீன் குடும்பங்கள் ஏராளமானவை மோசடிக் கடனில் சிக்கி வீடிழந்தன. டட்லியின் குத்தகை நிலத்தில் ஜப்திகள் மிகக் குறைவு. வாடகை ஏறி விரட்டப்படாமல் பிள்ளை ஒரே பள்ளியில் படித்து முடிப்பதும் சொத்துதான்.

நிலம் பொதுவில், வீடு குடும்பத்துக்கு என்ற இந்த ஏற்பாட்டின் மூலத்தில், நிலத்தைக் கிராமத்தின் பொதுவுடைமையாக்கிய வினோபா பாவேயின் கிராமதானமும் இருக்கிறது. அதனாலும் உந்தப்பட்டு 1969இல் ஜார்ஜியா மாநிலத்தில் கறுப்பின விவசாயிகளுக்காக ‘நியூ கம்யூனிட்டீஸ்’ என்ற முதல் சமூக நில அறக்கட்டளை தொடங்கப்பட்டது. வறட்சியின்போது வெள்ளையருக்குக் கிடைத்த அரசுக் கடன் அவர்களுக்கு உரிய நேரத்தில் கிடைக்கவில்லை. 1985இல் நிலம் பறிபோனது. பாகுபாட்டு வழக்கில் 2009இல் இழப்பீடு வென்றவர்கள், அந்தப் பணத்தில் வாங்கியது ஒருகாலத்தில் அடிமைகள் உழைத்த பண்ணை ஒன்றை.