கல்லீரலில் இன்சுலின் என்ன ஆகிறது? சிபி1 ஏற்பி பற்றிச் சில குறிப்புகள்

ரத்தத்தில் இன்சுலின் அதிகம்னு ரிப்போர்ட் வந்தா, கணையம் அதிகமாச் சுரக்குதுன்னுதான் உடனே நினைப்போம். அது பாதிக் கணக்குதாங்க. தொட்டியில் தண்ணி மட்டம் ஏறினால் குழாய் வேகமாகக் கொட்டுவது காரணமாக இருக்கலாம். வடிகால் அடைத்திருப்பதும் காரணமாக இருக்கலாம். இன்சுலினுக்கு முக்கியமான வடிகால் கல்லீரல்.

கணையத்திலிருந்து கிளம்பும் இன்சுலின் நேராக உடம்பு முழுக்கப் போவதில்லை. போர்ட்டல் சிரை வழியாக முதலில் கல்லீரலுக்குத்தான் வருகிறது. அங்கேயே ஏறத்தாழ பாதி காலி. கல்லீரல் செல்கள் அதை உள்ளே இழுத்து, நொதிகளால் துண்டு போட்டுவிடும். இன்சுலினோடு சம எண்ணிக்கையில் வெளிவரும் சி-பெப்டைடைக் கல்லீரல் அவ்வளவாகத் தொடாது. அதனால் இரண்டையும் சேர்த்து அளந்தால், சுரப்பு கூடியதா, அகற்றுவது குறைந்ததா என்று ஓரளவு பிரித்துப் பார்க்கலாம்.

சரி, இதுல கஞ்சா எங்கே வந்தது?

கஞ்சாவின் வேதிப்பொருள் போய் ஒட்டும் சிபி1 ஏற்பியில் ஒட்டக்கூடிய பொருட்களை நம் உடம்பே தயாரிக்கிறது. 1992-ல் ஜெருசலேமில் ரஃபேல் மெக்கூலம் குழு கண்டுபிடித்த ஒன்றுக்கு 'ஆனந்தமைடு' என்று பெயர் வைத்தார்கள். ஆமாம், நம்ம ஆனந்தமேதான்! சிபி1 மூளையில் ஏராளம், கல்லீரலில் கொஞ்சம்தான். ஆனால் சுண்டெலிகளுக்குக் கொழுப்பு மிகுந்த தீனி கொடுத்தால் கல்லீரலில் ஆனந்தமைடும் கூடுகிறது, சிபி1-ம் கூடுகிறது.

அப்போது மூன்று வேலை நடக்கிறது. கல்லீரல் புதிதாகக் கொழுப்பைத் தயாரிக்கிறது. இன்சுலின் சொல்வது அதன் காதில் ஏறுவதில்லை. இன்சுலினைச் சிதைக்கும் நொதியும் குறைகிறது. அதாவது குழாயும் வேகமாகிறது, வடிகாலும் அடைக்கிறது. சிபி1-ஐ மருந்தால் தடுத்தால் இவை திரும்புவதைச் சுண்டெலிகளில் பார்த்திருக்கிறார்கள்.

உடம்பு இளைத்ததால் வந்த பலன்தானே இது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் ஜார்ஜ் கூனோஸ் குழு கல்லீரலில் மட்டும் சிபி1 இல்லாத சுண்டெலிகளை உருவாக்கி, 2008-ல் முடிவை வெளியிட்டது. கொழுப்புத் தீனியில் அவையும் மற்றவை போலவே பருத்தன. ஆனால் கல்லீரலில் கொழுப்புப் படிவதும், இன்சுலின் எடுபடாமல் போவதும் அவற்றில் வெகுவாகக் குறைந்திருந்தன. ஆக, கல்லீரல் ஏற்பிக்கென்றே தனிப் பங்கு இருக்கிறது.

அப்புறம் ஏன் மாத்திரை இல்லை? இருந்தது. சிபி1-ஐத் தடுக்கும் ரிமோனபன்ட் 2006-ல் ஐரோப்பாவில் உடல் பருமனுக்காக அனுமதி பெற்றது. ஆனால் அது மூளைக்குள்ளும் போய் அங்குள்ள ஏற்பியையும் பூட்டியது. மனச்சோர்வு, பதற்றம், சிலருக்குத் தற்கொலை எண்ணம். 2008-லேயே விற்பனையை நிறுத்த வேண்டியதாயிற்று.

அதன் பிறகு தேடியது, மூளைக்குள் அதிகம் நுழையாத தடுப்பான்களை. சுண்டெலிகளில் அவை நன்றாகவே வேலை செய்தன. மனிதர்களிடம் சோதித்த மோன்லுனபன்ட் 2024 முடிவுகளில் எடையைக் குறைத்தது. கூடவே பதற்றம், எரிச்சல், தூக்கக் கோளாறு ஆகியவை அளவு கூடக் கூட அதிகமாகத் தெரிந்தன. கல்லீரலை மட்டும் தொட்டு மூளையை விட்டுவைப்பது சொல்ற அளவுக்குச் சுலபமில்லை.

இந்த வகை மாத்திரை மறுபடி செய்தியில் வந்தால், எடை எவ்வளவு குறைந்தது என்பதோடு இதையும் தேடிப் பாருங்க: மருந்து மூளைக்குள் எவ்வளவு போகிறது?