ஒரு வாக்கும் இரு மாநிலங்களும்

மக்களாட்சி என்னும் மாளிகைக்கு வாக்குரிமையே அடித்தளம் என்பர் அறிஞர். அவ்வடித்தளத்தை இடுவதும் காப்பதும் யார் பொறுப்பு? நடுவணரசின் பொறுப்பா, மாநிலத்தின் பொறுப்பா, அன்றி ஊரின் பொறுப்பா? இவ்வினா சட்ட வல்லுநர்க்கு மட்டும் உரியதன்று. ஏலமலைச் சாரலில் வாழும் நமக்கு இஃது அன்றாட வாழ்வோடு பிணைந்த வினா ஆகும்.

தேவாரத்தில் பொழுது புலருமுன்னரே ஜீப்புகள் புறப்பட்டுவிடுகின்றன. தூக்குச்சட்டியும் மாற்றுடையுமாக அவற்றில் ஏறும் தொழிலாளர், மலைமேல் உடும்பஞ்சோலைப் பகுதியின் ஏலத்தோட்டங்களுக்குச் சென்று, காயெடுத்து, களைநீக்கி, அந்தியில் இறங்குகின்றனர். சிலர் தோட்டத்து லயன்களிலேயே தங்கித் திருவிழாவுக்கும் நல்லது கெட்டதுக்கும் மட்டும் ஊர் திரும்புகின்றனர். வீடு தமிழ்நாட்டில், பிழைப்பு கேரளத்தில். அப்படியாயின் அவர்தம் வாக்கு எங்கே?

உத்திரமேரூர் காட்டும் நெறி

தேர்தல் என்றதும் தமிழர் நெஞ்சில் எழுவது குடவோலை. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் அம்முறையை விரித்துரைக்கின்றன. முப்பது குடும்புகள், உறுப்பினராவோர்க்குச் சொந்த மனையில் வீடும் வரி செலுத்தும் நிலமும் வேண்டும், முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவர்க்கும் அவர்தம் உறவினர்க்கும் இடமில்லை. இது பிராமணர் வாழ்ந்த ஊரின் சபை. அனைவர்க்கும் உரிய வாக்குரிமை அன்று என்பதையும் நாம் மறைத்தல் ஆகாது.

எனினும் ஒன்று கருதத்தக்கது. விதியை வகுத்தது ஊர்ச்சபை. ஆனால் அரசாணையோடு வந்த அதிகாரி உடனிருக்க அது வகுக்கப்பட்டது. ஊரின் அறிவும் மேலுள்ள அரசின் கண்காணிப்பும் ஒருங்கே தேவை என்னும் எண்ணம் ஆயிரம் ஆண்டுகட்கு முன்பே இம்மண்ணில் இருந்தது எனலாம்.

அம்பேத்கர் செய்த மாற்றம்

நம் அரசியலமைப்பின் வரைவில், மாநிலத் தேர்தல்களை நடத்த மாநிலந்தோறும் தனித்தனி ஆணையம் அமைக்கவே முதலில் எண்ணியிருந்தனர். 1949 ஜூன் 15 அன்று அண்ணல் அம்பேத்கர் அரசியல் நிர்ணய சபையில் அதனை மாற்றி, நாடு முழுமைக்கும் ஒரே ஆணையம் என்னும் திருத்தத்தை முன்மொழிந்தார். அதற்கு அவர் கூறிய காரணம் நம் கவனத்திற்கு உரியது. சில மாகாணங்களில், பெரும்பான்மையினரினின்றும் இனத்தாலோ பண்பாட்டாலோ மொழியாலோ வேறுபட்டவர்களை வாக்காளர் பட்டியலில் சேர்க்காது விடுமாறு அலுவலர்க்கு அறிவுறுத்தப்படுவதாகத் தம் கவனத்திற்கு வந்ததென்று அவர் எடுத்துரைத்தார். அடுத்த மாநிலத்தில் வேலை செய்யும் தமிழரும், தமிழகத்தில் வாழும் பிறமொழியாளரும் அடைந்துள்ள பாதுகாப்பின் வேர் இதுவே. அரசியலமைப்பின் உறுப்பு 324 இவ்வாறு பிறந்தது.

எதிர்ப்பு இல்லாமலில்லை. மாநிலங்களின்பால் அவநம்பிக்கை காட்டி எல்லாவற்றையும் நடுவணரசிடம் ஒப்படைக்கலாமா என்று எச்.என். குன்ஸ்ரு வினவினார். ஆணையரை நாடாளுமன்றத்தின் மூன்றில் இரு பங்கினர் ஏற்க வேண்டும் என்றார் சிப்பன்லால் சக்சேனா. அவ்வையம் இன்றும் தீர்ந்தபாடில்லை. பிரதமர், எதிர்க்கட்சித் தலைவர், இந்தியத் தலைமை நீதிபதி ஆகியோர் குழுவே ஆணையரைப் பரிந்துரைக்க வேண்டும் என்று 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் இடைக்கால ஏற்பாடு செய்தது. அவ்வாண்டே இயற்றப்பட்ட சட்டமோ தலைமை நீதிபதியின் இடத்தில் நடுவண் அமைச்சர் ஒருவரை அமர்த்தியது.

ஒப்புநோக்க அமெரிக்காவைக் காண்போம். அங்கே தேர்தலின் காலம், இடம், முறை ஆகியவற்றை மாநிலங்களே வகுக்கும்; நடுவண் மன்றமாகிய காங்கிரசு வேண்டின் மாற்றலாம். இவ்வுரிமையைக் கொண்டு தென் மாநிலங்கள் எழுத்தறிவுத் தேர்வு முதலிய தடைகளால் கறுப்பின மக்களைப் பல்லாண்டு வாக்கினின்றும் விலக்கின. 1965ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்டத்தின் வாயிலாக நடுவணரசு தலையிட்ட பின்னரே நிலைமை பெரிதும் மாறிற்று. அந்நோய்க்கு நம் நாடு முன்னரே காப்புத் தேடிக்கொண்டது.

பட்டியலில் இரு பெயர்

நம் சாரலுக்கு மீள்வோம். 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, ஒருவர் ஒன்றுக்கு மேற்பட்ட தொகுதிகளில் பதிவுபெறலாகாது என்கிறது. பதிவுக்கு அடிப்படை, அவர் அங்கே வழக்கமாக வசிப்பவராக இருத்தல். வீடு சொந்தமாக இருப்பது மட்டும் வசிப்பிடம் ஆகாது. தற்காலிகமாக வெளியே சென்றிருப்பதால் வசிப்பிடம் அற்றும் போகாது என 20ஆம் பிரிவு விளக்குகிறது. ஏட்டில் இது தெளிவே. ஆண்டில் ஏழு திங்கள் லயனிலும் ஐந்து திங்கள் ஊரிலும் வாழ்பவர் எவ்விடத்தவர்? அங்கேதான் சிக்கல்.

இரு மாநிலங்களிலும் பெயருடையோர் இருமுறை வாக்களிக்கின்றனர் என்னும் புகார் தேனி, இடுக்கி மாவட்டங்களில் தேர்தல்தோறும் எழுகிறது. ஒரே ஆணையம் இருப்பதன் பயன் இங்கு விளங்கும். 2011 ஏப்ரல் 13, 2016 மே 16, 2021 ஏப்ரல் 6 ஆகிய நாள்களில் தமிழ்நாடும் கேரளமும் சட்டமன்றத்திற்கு ஒரே நாளில் வாக்களித்தன. ஒரே நாளில் மலைமேலும் மலையடியிலும் வாக்களித்தல் எளிதன்று. 2019 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டுக்கு ஏப்ரல் 18, கேரளத்துக்கு ஏப்ரல் 23. 2024இல் முறையே ஏப்ரல் 19, 26. அப்போது காவல் விரல் மைதான்.

ஆனால் நாணயத்திற்கு மறுபக்கமும் உண்டு. இரு வாக்கு உடையவரைப் பேசும் நாம், ஒரு வாக்கும் அளிக்க இயலாதவரைப் பேசுவதில்லை. வாக்குநாளில் கூலியுடன் விடுமுறை அளிக்க வேண்டும் என்று 1951ஆம் ஆண்டுச் சட்டத்தின் 135பி பிரிவு முதலாளிக்குக் கட்டளையிடுகிறது. மீறுவோர்க்கு அது விதிக்கும் அபராதமோ ஐந்நூறு ரூபாய் வரைதான்! ஒருநாள் கூலி போனால் ஒருநாள் அடுப்பு எரியாது என்னும் நிலையில் உள்ள பெண்ணிடம் வாக்கின் மாண்பைப் பேசுவதற்கு முன், அவ்விடுமுறையை நாம் உறுதிசெய்ய வேண்டாமா?

வெளியூரில் பணிபுரிவோர் இருந்த இடத்திலிருந்தே சொந்தத் தொகுதிக்கு வாக்களிக்கும் தொலைநிலை இயந்திரம் ஒன்றை ஆணையம் 2022 டிசம்பரில் அறிவித்தது. ஓர் இயந்திரம் 72 தொகுதிகளைக் கையாளும் என்றனர். 2023 சனவரியில் கட்சிகளுக்கு அதனை விளக்க முற்பட்டபோது எதிர்க்கட்சிகள் ஏற்கவில்லை. இடம்பெயர்ந்த தொழிலாளி என்பவர் யார் என்னும் வரையறையே தெளிவாகவில்லை என்பது அவர்தம் தடைகளுள் ஒன்று.

உள்ளாட்சியின் நிலை

சட்டமன்றத்திற்கும் நாடாளுமன்றத்திற்கும் நடுவண் ஆணையம். ஊராட்சிக்கும் பேரூராட்சிக்கும் மாநிலத் தேர்தல் ஆணையம். 1992ஆம் ஆண்டின் 73, 74ஆம் திருத்தங்கள் இப்பிரிவினையைச் செய்தன. ஊர் வாக்கு மாநிலத்தின் கையில் இருப்பது முறையே. ஆயினும் அக்கை வலுவாக உள்ளதா?

தேவாரம் பேரூராட்சியையே சான்றாகக் கொள்வோம். 2011இல் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்தின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அம்மாதம் நடக்கவிருந்த தேர்தல் அறிவிக்கையைச் சென்னை உயர் நீதிமன்றம் நீக்கியது. அடுத்த வாக்குப்பதிவு 2022 பிப்ரவரி 19 அன்றுதான் நடந்தது. ஐந்தாண்டுக்கு மேலாகத் தமிழகத்துப் பேரூராட்சிகள் மக்கள் பிரதிநிதிகள் இன்றி அதிகாரிகளால் ஆளப்பட்டன. ஒரு மன்றத்தின் முழு ஆயுட்காலம் வீணாயிற்று. சட்டமன்றத் தேர்தல் இவ்வாறு தள்ளிப்போனால் நாடு பொறுக்குமா? மாநில ஆணையமும் தன் களத்தில் நடுவண் ஆணையத்திற்கு நிகரானதே என உச்ச நீதிமன்றம் 2006இலேயே தீர்ப்பளித்துள்ளது. பதவியிலுள்ள அரசு அலுவலரிடம் அதனைக் கூடுதல் பொறுப்பாக ஒப்படைத்தல் கூடாது என்று 2021இல் உரைத்தது. சொல் உண்டு; செயல் வேண்டும்.

இரு ஆணையங்களின் பணி மோதுவதும் உண்டு. 2025 நவம்பர் 4 அன்று தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தத்தை நடுவண் ஆணையம் தொடங்கியது. அதே வேளையில் டிசம்பர் 9, 11 நாள்களுக்குரிய உள்ளாட்சித் தேர்தலைக் கேரளத்தின் மாநில ஆணையம் ஏற்பாடு செய்துகொண்டிருந்தது. திருத்தத்தை ஒத்திவைக்கக் கோரிக் கேரள அரசு உச்ச நீதிமன்றத்தை அணுகியது. ஆணையம் எதுவாயினும் களத்தில் உழைப்போர் மாநில அரசின் ஆசிரியரும் அலுவலருமே என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்தியது.

எல்லாத் தேர்தல்களுக்கும் ஒரே பட்டியல் வேண்டும் என்று 2024 மார்ச்சில் இராம்நாத் கோவிந்த் குழு பரிந்துரைத்தது. தமிழ்நாட்டின் உள்ளாட்சிப் பட்டியல் சட்டமன்றப் பட்டியலை ஒட்டியே அமைகிறது. கேரளத்தின் மாநில ஆணையமோ தனிப்பட்டியல் வைத்துள்ளது. ஆகவே மலையேறும் தொழிலாளியின் பெயர் இரண்டு இடங்களில் அன்று, மூன்று பட்டியல்களில் இருக்க வாய்ப்புண்டு. ஒரே பட்டியலால் இக்குழப்பம் குறையும். ஆனால் அதில் நேரும் ஒரு பிழை, ஊராட்சி முதல் நாடாளுமன்றம் வரை அவருடைய எல்லா வாக்கையும் ஒருசேரப் பறித்துவிடும் என்பதையும் எண்ணுதல் வேண்டும்.

செய்யத்தக்கவை

நாம் கண்டவற்றால் தோன்றுவது இது: பட்டியலின் காவல் நடுவண் ஆணையத்திடம் இருத்தல் நன்று, ஆளை அறியும் அறிவு ஊரிடமே உண்டு. ஆதலின் தேனி, இடுக்கி மாவட்ட அலுவலர்கள் ஒன்றாக அமர்ந்து பட்டியல்களை ஒப்பிட வேண்டும். பெயரை நீக்குமுன் அறிவிப்பும் விளக்கம் கூற வாய்ப்பும் தருதல் சட்டம் வகுத்த நெறி. அவ்வறிவிப்புத் தமிழில், தொழிலாளி வீட்டிலிருக்கும் அந்தி வேளையில், அவர் கைக்கே சேர வேண்டும். எவ்விடத்தில் வாக்கு வேண்டும் என அவரே தேரட்டும். தேர்ந்த இடத்தில் வாக்களிக்க இரு மாநிலத் தோட்டங்களும் கூலியுடன் விடுமுறை தரட்டும்.

நம் ஏலக்காய்க்குப் போடியிலும் ஏலம் உண்டு, மலைமேல் புற்றடியிலும் ஏலம் உண்டு. எங்கு விற்றாலும் எடை ஒன்றே. அதைப் பறிக்கும் கையின் வாக்குக்கும் அந்நேர்மை கிட்ட வேண்டும்.

மாணவச் செல்வங்களே! உங்களுள் பலர் அந்த ஜீப்புகளில் ஏறிச்செல்லும் தாய்தந்தையரின் பிள்ளைகள். பட்டியல் வெளியாகும் நாளில் உங்கள் தெருவின் பக்கத்தை எடுத்து, அண்டை வீட்டார் பெயர் உள்ளதா என்று படித்துச் சொல்லுங்கள். மறைந்தோர் பெயரையும் இரட்டைப் பதிவையும் உரியவரிடம் எடுத்துரையுங்கள். விடுபட்டோர்க்கு மனு எழுதிக் கொடுங்கள். கற்ற தமிழுக்கு அதனினும் சிறந்த பயன் வேறில்லை.